எழுதத் திணறும் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் உதவும் முறை: நீலகிரி ஆசிரியர்களுக்கு

வாய்மொழியாகக் கேட்டால் தெளிவாக விடை சொல்லும் பிள்ளை, அதையே நோட்டில் எழுதச் சொன்னால் நான்கு வரிக்குள் ஓய்ந்துவிடுகிறது. பெரும்பாலும் சோம்பேறி என்ற பெயரையும் வாங்கிக்கொள்கிறது. விரல்களின் இயக்கத்தையும் எழுத்து வடிவ நினைவையும் ஒருசேர நடத்துவதில் ஏற்படும் இந்த இடர்ப்பாட்டுக்கு டிஸ்கிராபியா என்று பெயர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இதைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

நீலகிரியில் முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். வீட்டில் படுக மொழியோ, இருளர், பணியர் மொழிகளோ பேசும் பிள்ளை தமிழில் எழுதத் தயங்குவதற்கு மொழிப் பழக்கம் போதாமையே காரணமாக இருக்கலாம். அப்பிள்ளை பார்த்து எழுதும்போதும் எண்களை எழுதும்போதும் பெரும்பாலும் தடுமாறாது. எழுத்து இடர்ப்பாடு உள்ள பிள்ளையோ தன் பெயரை எழுதவும், கூட்டல் கணக்கின் இலக்கங்களை நேர்கீழாக அடுக்கவும்கூடச் சிரமப்படும். ஆங்கில நோட்டிலும் அதே தடுமாற்றம் தெரியும்.

தமிழெழுத்து எங்கெங்கே இடறவைக்கும் என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் நல்லது. ‘கொ’ என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது ககர ஒலி. ஆனால் கை முதலில் போட வேண்டியது கொம்பு, அடுத்து க, கடைசியாகக் கால். கு, சு, நு என உகர வரிசை எழுத்துக்கு எழுத்து வேறுவிதமாக வளைகிறது. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண ஆகியவற்றில் சுழியின் கணக்கு தவறிப்போகிறது. ஆகவே இப்பிள்ளைகளுக்கு அரிச்சுவடி வரிசையைச் சற்று ஒதுக்கிவிட்டு, கை ஒத்த விதமாக அசையும் எழுத்துகளைச் சேர்த்துக் கற்பிக்கலாம்: நேர்கோட்டில் இறங்கும் ட, ப, ம ஒரு குழு, சுழித்துத் தொடங்கும் வ, ல, ன, ண மற்றொரு குழு. “கீழே இறங்கு, வலப்பக்கம் போ, மேலே ஏறு” என்று சொல்லியபடியே ஆசிரியர் ‘ப’ எழுதிக் காட்ட, பிள்ளையும் அதைச் சொல்லிக்கொண்டே மணலிலும் சிலேட்டிலும் எழுதி, பிறகு பார்க்காமல் எழுத வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். பிழையான சொல்லை ஐம்பது முறை எழுதச் சொல்லும் இம்போசிஷன், களைத்த கைக்குத் தவறான வடிவத்தையே பழக்கிவிடும். களிமண் பிசைவதும் பல்லாங்குழி ஆடுவதும் விரல்களுக்கு நல்லவைதாம்; ஆயினும் எழுத்துப் பயிற்சியின் இடத்தை அவை நிரப்பா.

குளிர் இக்குறைபாட்டுக்குக் காரணம் அன்று. ஆனால் உறைபனி விழும் சனவரிக் காலையில் விறைத்த விரல்களுக்கு எழுத்து இன்னும் கடினமாகும் என்பதால், முதல் பாடவேளையில் வாய்மொழி வேலையை வைத்துக்கொள்ளலாம். மூடுபனியால் வகுப்பறை இருண்டிருக்கும் நாள்களில் பிள்ளையைக் கரும்பலகைக்கு அருகில் அமர்த்த வேண்டும். அமர்ந்திருக்கும் பிள்ளையின் கால் தரையில் எட்டாவிட்டால், பாதத்துக்கு அடியில் ஒரு செங்கல் வைத்தால் போதும்.

பார்த்தெழுதும் வேலையைக் குறைப்பதே உடனடியாகச் செய்யக்கூடிய பெரிய உதவி. பாடக் குறிப்பை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, முக்கியச் சொற்களை மட்டும் அடிக்கோடிடச் சொல்லலாம். கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டைத் தரலாம். அறிவியல் விடையைத் திருத்தும்போது கையெழுத்துக்காக மதிப்பெண் குறைப்பது நியாயமன்று. பிள்ளைக்குத் தெரிந்தது என்ன என்பதே அங்குக் கேள்வி.

பயிற்சி தந்தும் முன்னேற்றம் இல்லையெனில், பெற்றோரிடம் குறை கூறும் தொனியின்றிப் பேசி, வட்டார வளமையத்தின் சிறப்பாசிரியரை அணுக வேண்டும். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகே வழங்கப்படும். அச்சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். விடையைப் பிறர் எழுதும்படி சொல்வது தனித் திறமை. எங்கே பத்தி பிரிய வேண்டும், படத்தில் எந்தப் பாகத்துக்கு எந்தப் பெயர் என்பதையெல்லாம் வாயால் சொல்ல வேண்டியிருப்பதால், ஒன்பதாம் வகுப்பின் தேர்வுகளிலேயே அதைப் பழக்கத் தொடங்க வேண்டும்.