பீனிக்ஸில் குடியேறுகிறவர்களுக்கு

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து அரிசோனாவின் பீனிக்ஸ் நகருக்குக் குடிபோகிறீர்களா? வெயிலைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். வறண்ட காற்றைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. அங்கே வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால் உடல் நீரை இழப்பதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள், காரிலும் வைத்திருங்கள். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஊர் அது. நடைப்பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றுங்கள். நாய் இருந்தால் முதலில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதமும் வெந்துபோகும், பாவம்.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை புழுதிப்புயல் வரக்கூடும். சிக்கினால் சாலையை விட்டு முற்றிலும் விலகி நிறுத்தி, விளக்குகளை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால், பின்னால் வருபவர் அதைப் பின்தொடர்ந்து உங்கள் மீதே மோதிவிடுவார்.