புது பேரிங் போட்டும் வீல் ஊளையிடுகிறதா?

பெங்களூரு கலாசிபாளையம் பக்கம் பிக்கப் ஓட்டுகிற நம்ம ஆட்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: "இப்பத்தாண்ணே வீல் பேரிங் மாத்தினேன், அதுக்குள்ள மறுபடி சத்தம்." உடனே பழி பேரிங் கம்பெனி மேல் விழும். டூப்ளிகேட் சரக்கு சந்தையில் இல்லாமல் இல்லை. ஆனால் நான் பார்த்தவரை புது பேரிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் அதை மாட்டிய விதம்தான்.

முதலில், கெட்டது பேரிங்தானா என்று தெரியாமல் ஹப்பை (பேரிங் உட்கார்ந்திருக்கிற, சக்கரத்தின் நடுப்பாகம்) கழற்றாதீர்கள். டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தாலும் இதே ஊளைதான் வரும். ஓசூர் ரோடு காலியாக இருக்கிற நேரத்தில் (அதிகாலை மூன்று மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்) சீரான வேகத்தில் போய் லேசாக வலது பக்கம் ஒடித்துப் பாருங்கள். அப்போது பாரம் இடது பக்கம் சாயும், சத்தமும் கூடினால் இடது சக்கரத்தைச் சந்தேகப்படலாம். அப்புறம் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் (சக்கரத்தை சஸ்பென்ஷனோடு சேர்க்கிற மூட்டு) பக்கம் பார்க்க வேண்டும்.

டேப்பர் ரோலர் பேரிங் (சாய்வான உருளைகள் கொண்டது) உள்ள ஹப்பில் நடக்கிற பெரிய அநியாயம், ரோலர்களோடு வரும் உள் வளையமான கோனை மட்டும் மாற்றிவிட்டு, வெளி வளையமான பழைய கப்பை ஹப்புக்குள்ளேயே விட்டுவிடுவது. "கப் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும், ஆனால் பழைய ரோலர் தேய்த்துப் பழக்கிய பாதை அதில் இருக்கும், புது ரோலர் அதில் ஓடினால் சீக்கிரமே பொரிந்துவிடும். கப்பும் கோனும் ஒரே செட்டாகத்தான் மாற வேண்டும். புது கப்பை இறக்கும்போது இரும்புச் சுத்தியலால் நேராக அடிக்காதீர்கள். பிரஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் பித்தளை ராடு வைத்துச் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டி, அடிவரை உட்கார்ந்ததா என்று பாருங்கள். அரை மில்லி தூக்கி நின்றாலும் சில நாள் ஓட்டத்தில் அது இறங்கி, நட்டு லூசாகிவிடும்.

நட்டுதான் இதில் முக்கியமான இடம். "லூசா இருந்தா ஆபத்து" என்று முழு பலத்தையும் போட்டு முறுக்கிவிட்டு, நட்டு கழலாமல் தடுக்கிற ஸ்பிலிட் பின்னைக் குத்துபவர்கள் நிறைய. டேப்பர் பேரிங்கை அளவுக்கு மீறி இறுக்கினால் ரோலர் நசுங்கி, சூடேறி, கிரீஸ் இளகி ஓடிவிடும், அதுவும் சில்க் போர்டு நெரிசலில் நிமிஷத்துக்கு நாலு தரம் பிரேக் போடுகிற வண்டிக்குக் கேட்கவே வேண்டாம். ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள், ரோலர்கள் தம் இடத்தில் உட்காரும். பிறகு நட்டைத் தளர்த்திவிட்டு, மறுபடி கையால் மட்டும் பிடியுங்கள். பொதுவாக 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை ஆட்டம் வைப்பார்கள், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஸ்பிலிட் பின் துளை நேராக வரவில்லையென்றால் இறுக்கும் பக்கம் போகாமல் தளர்த்தும் பக்கம் போங்கள். ஸ்பிலிட் பின் புதுசு போடுங்கள், பழசை நிமிர்த்திப் போடுவதில் என்ன மிச்சம்?

ஆனால் சீல் செய்த யூனிட் பேரிங் (கிரீஸோடு ஒரே துண்டாக அடைத்து வருவது) உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் நட்டு மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவு), டார்க் ரெஞ்சில்தான் இறுக வேண்டும், அதற்கு முன் சக்கரத்தைத் தரையில் இறக்கிப் பாரம் ஏற்றக்கூடாது. நக்கிளுக்குள் (பேரிங்கைத் தாங்குகிற பாகம்) அழுத்தும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்துங்கள், உள் வளையத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் குழி விழும். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வண்டியில் பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்தப் பட்டை இருக்கலாம், அது சென்சார் பார்க்கிற பக்கம் வரவேண்டும். திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுபடி முழு வேலை.

மழைக்காலத்தில் அண்டர்பாஸ் தண்ணீரில் இறங்கி ஏறுகிற வண்டி என்றால் ஆயில் சீலில் காசு பார்க்காதீர்கள். கிரீஸ் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். மண்ணெண்ணெயில் ஹப்பைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, பழைய கிரீஸ் துளியும் இல்லாமல் எடுத்த பிறகே புதுசை ரோலர் இடுக்குகளில் அழுத்தி ஏற்றுங்கள். இரண்டு வகை கிரீஸ் கலந்தால் சில சமயம் இளகிவிடும். ஹப் முழுக்கத் திணிக்கவும் வேண்டாம், அதுவும் சூடேற்றும்.

வேலை முடிந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டியதும் ஹப்பைக் கவனமாகத் தொட்டு எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் நட்டு இறுக்கம், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டுமா என்றால், என் கருத்து, தேவையில்லை. ஆனால் எதிர்ப்பக்க டேப்பர் ஹப்பையும் அன்றைக்கே திறந்து பார்த்து கிரீஸ் மாற்றிவிடுங்கள், கூலி கொஞ்சம்தான் கூடும்.