ஃபைல் பெயரை எந்தப் புள்ளியில் வெட்டுவது?

ஃபார்ம் வழியாக ஏற்றப்படும் ஃபைலின் பெயரையும் எக்ஸ்டென்ஷனையும் (கடைசிப் புள்ளிக்குப் பின்னால் ஃபைலின் வகையைச் சொல்லும் பகுதி) தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்குப் பலரும் முதலில் கையில் எடுப்பது ஸ்ப்ளிட்; ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) நாம் சொல்லும் குறி வரும் இடமெல்லாம் துண்டாக்கும் கட்டளை. அது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று பார்ப்போம். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். எடிட்டரில் வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். பிரவுசரில் எஃப்12 அழுத்தி கன்சோலைத் திறந்துகொண்டால் ஒவ்வொன்றையும் உடனே ஓட்டிப் பார்க்கலாம்.

படி 1: கமாவில் உடைப்பது

'சிவப்பு, பச்சை,,நீலம்'.ஸ்ப்ளிட்(',')

நான்கு துண்டுகள் வரும். பச்சைக்கு முன்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்தடுத்து இரண்டு கமா இருப்பதால் மூன்றாவது துண்டு வெற்று. ஸ்ப்ளிட் வெட்டும், சுத்தம் செய்யாது. முதலில் மேப் வைத்து ஒவ்வொரு துண்டையும் ட்ரிம் செய்யுங்கள் (ஓரத்து இடைவெளி போகும்), பிறகு வெற்றுத் துண்டுகளை நீக்க ஃபில்டர்(பூலியன்). இந்த வரிசையை மாற்றினால் வெறும் இடைவெளி மட்டும் உள்ள துண்டு ஃபில்டரில் தப்பிவிடும்.

வெற்று ஸ்ட்ரிங்கைக் கமாவில் உடைத்தால் வெற்று அரே (பட்டியல்) வராது. உள்ளே ஒரு வெற்றுத் துண்டு இருக்கும், லெங்த் 1. பயனர் எதுவும் தரவில்லை என்பதை லெங்த் 0 என்று சோதிக்கும் நிரல் இங்கே ஏமாறும்.

பிஹெச்பியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'நேரம்:10:30' என்பதை ஸ்ப்ளிட்(':', 2) என்று உடைத்தால் 'நேரம்', '10' மட்டும் மிஞ்சும்; 30 தொலைந்துபோகும். பிஹெச்பியில் இதே வேலையைச் செய்யும் எக்ஸ்ப்ளோட் அதே 2-க்கு 'நேரம்', '10:30' தரும்.

படி 2: எக்ஸ்டென்ஷனைப் பிரிப்பது

'அறிக்கை.இறுதி.பிடிஎஃப்' என்பதைப் புள்ளியில் உடைத்து இரண்டாவது துண்டை எடுத்தால் 'இறுதி' வரும். பெயரில் எத்தனை புள்ளியும் இருக்கலாம் என்பதால் பின்னாலிருந்துதான் தேட வேண்டும்:

இடம் = பெயர்.லாஸ்ட்இண்டெக்ஸ்ஆஃப்('.')
முன் = பெயர்.ஸ்லைஸ்(0, இடம்)
பின் = பெயர்.ஸ்லைஸ்(இடம் + 1)

இதோடு நிறுத்தினால் வேறொரு குழி காத்திருக்கிறது. புள்ளியே இல்லாத 'குறிப்பு' என்ற பெயரைக் கொடுத்துப் பாருங்கள். இடம் -1 ஆகும், அதாவது புள்ளி கிடைக்கவில்லை. ஸ்லைஸ்(0, -1) கடைசிக் குறியை வெட்டிவிடும். முன் என்பதில் 'குறிப்ப' நிற்கும். பின் என்பதில் ஸ்லைஸ்(0) ஓடி முழுப் பெயரும் எக்ஸ்டென்ஷனாக வரும். எரர் எதுவும் வராது, அதுதான் மோசம். '.ஹெச்டிஅக்சஸ்' போலப் புள்ளியில் தொடங்கும் பெயரில் இடம் 0. முன் பகுதி வெற்றாகிவிடும்.

இரண்டுக்கும் ஒரே நிபந்தனை போதும்: இடம் 0-ஐ விடப் பெரிதாக இருந்தால் மட்டும் வெட்டுங்கள். இல்லையென்றால் 'முன்' என்பதில் முழுப் பெயரையும் வையுங்கள், 'பின்' என்பதை வெற்றாக விடுங்கள். '.டார்.ஜிஇசட்' சேர்ந்தே வேண்டுமென்றால் பெயரின் முடிவைச் சோதிக்கும் எண்ட்ஸ்வித் வைத்து அதை முதலிலேயே பிடித்துவிடுங்கள். ஒப்பிடும் முன் ஆங்கிலப் பெரிய எழுத்தைச் சிறியதாக்கும் டூலோயர்கேஸ் மறக்க வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் யார் வேண்டுமானாலும் மாற்றி ஒட்டக்கூடிய சீட்டு. சர்வரில் உள்ளடக்கத்தையும் பாருங்கள். பிஎன்ஜி ஃபைல் எப்போதும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற 8 பைட்டுகளில்தான் தொடங்கும். அது பொருந்தாவிட்டால் பிஎன்ஜி அல்ல. பொருந்தினாலும் ஃபைல் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

படி 3: முகவரியிலிருந்து பெயரை எடுப்பது

முகவரி 'மலர்.பிஎன்ஜி?அகலம்=1.5' என்று முடிந்தால், கடைசிப் புள்ளி கேள்விக்குறிக்குப் பின்னால் இருக்கிறது; எக்ஸ்டென்ஷன் '5' என்று வரும். முதலில் நியூ யூஆர்எல்(முகவரி) செய்து அதன் பாத்நேமை (கேள்விக்குறிக்கு முந்தைய பாதைப் பகுதியை) எடுங்கள். பிறகு கடைசித் துண்டை எடுக்க ஸ்ப்ளிட்('/').பாப(). முகவரி சாய்கோட்டில் முடிந்தால் பாப் வெற்று தரும், அதையும் சோதியுங்கள்.

தமிழ்ப் பெயர் இங்கே சதவீதக் குறிகளாக (ஒவ்வொரு பைட்டும் % மற்றும் இரண்டு எழுத்துகளாக) வரும். 'மலர்' என்பதற்கு 36 குறிகள்: நான்கு யூனிகோடு குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட், பைட்டுக்கு 3 குறி. டிகோட்யூஆர்ஐகாம்பொனென்ட் வைத்து மீட்கலாம், ஆனால் ஸ்ப்ளிட்டுக்குப் பிறகு. முன்பே செய்தால், பெயருக்குள் மறைந்திருந்த சாய்கோடு வெளியே வந்து வெட்டு தவறிவிடும். தனியாக நிற்கும் சதவீதக் குறி எரர் எழுப்பும் என்பதால் ட்ரை-கேட்ச் போடுங்கள்.

படி 4: எழுத்து எழுத்தாக உடைப்பது

'தமிழ்'.ஸ்ப்ளிட்('') மூன்று தராது, ஐந்து தரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நீளமான பெயரைத் திரையில் சுருக்கும்போது இப்படி நடுவே வெட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி உதிர்ந்துபோகும். ஜாவாஸ்கிரிப்டின் இண்டில்.செக்மெண்டரில் கிரானுலாரிட்டியைக் (பிரிக்கும் அளவை) கிராஃபீம் (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) என்று வைத்துப் பிரித்தால் த, மி, ழ் என்று மூன்றாக வரும்.