பனிக்காலத்திலும் மாவு பொங்க ஒரு தெர்மோகோல் பெட்டி

மார்கழி இரவில் பெங்களூரில் அரைத்து வைத்த இட்லி மாவு, காலையில் வைத்த இடத்திலேயே வைத்த அளவிலேயே கிடக்கும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் சொல்லவே வேண்டாம். லண்டன், டொரன்டோ வீடுகளிலும் இரவில் ஹீட்டரைக் குறைத்துவிட்டால் சமையலறை 18 டிகிரிக்கு இறங்கிவிடும். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றுவது, அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்துவது, ஓவனுக்குள் விளக்கை எரியவிட்டு வைப்பது என்று ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் கைகொடுக்கும், மறுநாள் கைவிட்டுவிடும். கம்பளி சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைத்தான் காக்கும். மாவே குளிர்ந்து கிடந்தால் அது காப்பதும் குளிரைத்தான். ஓவன் விளக்குக்கோ எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

மாவுக்கு வேண்டியது 28 முதல் 32 டிகிரி, அதுவும் விடியும்வரை மாறாமல். உளுந்தோடும் அரிசியோடும் வருகிற லூக்கோனோஸ்டாக் வகை நுண்ணுயிர்கள் அந்தச் சூட்டில் புளிப்பையும் கரியமில வாயுவையும் சேர்த்தே உண்டாக்கும். 20 டிகிரியில் அதே வேலைக்கு 18 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். 35-ஐத் தாண்டினால் புளிப்பு முந்திக்கொள்ளும், பொங்குவது பின்தங்கும். ஆகவே கவனிக்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, மாவின் சூட்டை.

நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் தெர்மோகோல் பெட்டியில் பல்ப் மாட்டி முட்டை பொரிக்க வைக்கிறார்களே, மாவுக்காக இங்கே செய்யப்போகும் பெட்டியும் அதே அமைப்புதான். அங்கே 37.5 டிகிரி, இங்கே 30. அவ்வளவுதான் வித்தியாசம்.

வாங்க வேண்டியவை

வெளி அளவு சுமார் 45 × 35 × 30 செ.மீ., சுவர் 2.5 செ.மீ. தடிமன் உள்ள மூடியோடு கூடிய தெர்மோகோல் பெட்டி. மீன் அனுப்பும் பெட்டி போதும், ஆனால் புதிதாக வாங்குங்கள். மீன் வாடை போகவே போகாது. டபிள்யூ 1209 என்ற 12 வோல்ட் தெர்மோஸ்டாட் போர்டு, அதாவது சூட்டை அளந்து பல்ப்பைத் தானே எரியவிட்டு அணைக்கும் சின்ன சர்க்யூட். எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், நுனியில் உலோகக் குப்பி போட்ட சென்சார் வயர் அதோடே வரும். டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் 12 வோல்ட் 21 வாட் இன்டிகேட்டர் பல்ப் ஒன்று, அதற்கு வயரோடு ஹோல்டர், 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸும் அதன் ஹோல்டரும். எல்இடி ஸ்ட்ரிப்புக்கு விற்கிற 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர். பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டிலிருந்து கழற்றிய 80 மி.மீ. ஃபேன். 50 டிகிரியில் தானே துண்டித்துக்கொள்ளும் கேஎஸ்டி 9700 தெர்மல் ஸ்விட்ச். காலி பால் பவுடர் டின், ஒரு டைல்ஸ் துண்டு, 0.75 சதுர மி.மீ. வயர்.

பல்ப் இழை பல்ப்பாக இருக்க வேண்டும். எல்இடி இன்டிகேட்டரைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதிலிருந்து வரும் சூடு இந்த வேலைக்குப் போதாது.

ஏன் 21 வாட்? இந்த அளவுப் பெட்டியின் சுவர் வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 1.1 வாட் சூடு கசியும். ஃபேனையும் சேர்த்து 23 வாட் என்றால், வெளியே இருப்பதைவிட அதிகபட்சம் 20 டிகிரி உயரலாம். 12 டிகிரிச் சமையலறையிலும் 30-ஐத் தொட்டுவிடலாம், அந்த 20 டிகிரி உயர்வுக்கு மேல் எல்லை மீறவும் வழியில்லை. 60 வாட் பல்ப் போட்டால் சீக்கிரம் ஆகுமே என்று தோன்றும். ஆகாது. காற்று 50-ஐத் தாண்டும், பாத்திரத்தின் ஓரத்து மாவு லேசாக வெந்துவிடும், நடுவில் குளிர்ச்சியாகவே இருக்கும். சின்ன பல்ப்தான் இந்தப் பெட்டியின் முதல் பாதுகாப்பு.

வயரிங்

வீட்டு மின்சாரம் அடாப்டரோடு நின்றுவிடுகிறது, பெட்டிக்குள் ஓடுவது 12 வோல்ட் மட்டும். அதனால்தான் 230 வோல்ட் பல்ப்பை நேரே மாட்டும் முறையை இங்கே சொல்லவில்லை. புளித்துப் பொங்கி வழிகிற மாவும் 230 வோல்ட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கவே கூடாது.

அடாப்டரின் பாசிட்டிவ் வயரில் முதலில் ஃபியூஸ். ஃபியூஸைத் தாண்டி அதை மூன்றாகப் பிரிக்கவும். ஒன்று போர்டில் +12V என்ற முனைக்கு. இரண்டாவது கே0 முனைக்கு. மூன்றாவது ஃபேனுக்கு. கே1-லிருந்து புறப்படும் வயர் தெர்மல் ஸ்விட்ச் வழியாக பல்ப்புக்குப் போகும். பல்ப்பின் மறுமுனை, ஃபேனின் கறுப்பு வயர், போர்டின் கிரவுண்ட் முனை மூன்றும் அடாப்டரின் நெகட்டிவில் சேரும். கே0, கே1 இரண்டும் வெறும் சுவிட்ச் முனைகள். இடம் மாறினாலும் பாதகமில்லை. +12V-ஐயும் கிரவுண்டையும் மாற்றிக் கொடுத்தால் மட்டும் போர்டு போய்விடும்.

ஃபேன் வயரில் பலரும் தவறுகிற இடம் ஒன்று. மதர்போர்டில் செருகும் மூன்று வயர் ஃபேனில் பொதுவாகச் சிவப்புதான் 12 வோல்ட். மஞ்சள், வேகத்தைச் சொல்லும் வயர், அதை டேப் சுற்றி விட்டுவிடலாம். ஆனால் பவர் சப்ளையிலிருந்து வரும் பெரிய நான்கு முனை கனெக்டரில் மஞ்சள்தான் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட். கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர்கள் பழக்கத்தில் மஞ்சளைக் கொடுத்துவிட்டு ஃபேன் சுற்றவில்லையே என்று குழம்புவது இதனால்தான்.

டின்னின் பக்கவாட்டில் ஆணியால் இருபது முப்பது துளை போடுங்கள். பல்ப் ஹோல்டரை அதற்குள் இறுக்கி, டைல்ஸ் துண்டின் மேல் பெட்டியின் ஒரு மூலையில் நிறுத்துங்கள். டின்னுக்கும் தெர்மோகோல் சுவருக்கும் 5 செ.மீ. இடைவெளி கண்டிப்பாக வேண்டும். 21 வாட் பல்ப்பின் கண்ணாடி 100 டிகிரிக்கு மேல் சுடும், தெர்மோகோலோ அதற்கு முன்பே இளகிவிடும். ஃபேன் டின்னைத் தழுவிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்து வீசட்டும், எப்போதும் ஓடட்டும். தெர்மல் ஸ்விட்சை டின்னுக்கு மேலே, சுவரில் ஒட்டுங்கள். போர்டும் அடாப்டரும் வெளியே. டின்னின் பெயின்ட் வாடை போக, காலிப் பெட்டியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, ஒருமுறை திறந்து காற்றாடவிடுங்கள்.

செட்டிங்

செட் பட்டனை ஒருமுறை அழுத்தினால் எண் மின்னும். பிளஸ், மைனஸால் 30-க்குக் கொண்டுவாருங்கள். அதே பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் பி0 வரும். பி0-வில் சி என்றிருந்தால் குளிரூட்டும் முறை, எச் என்றிருந்தால் சூடேற்றும் முறை. போர்டு பெரும்பாலும் சி-யில்தான் வரும். மாற்ற மறந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்: குளிரில் பல்ப் அணைந்தே இருக்கும், வெயிலில் எரிந்துகொண்டே இருக்கும். பி1-ஐ 1.0 ஆக வையுங்கள். 29-ல் எரியும், 30-ல் அணையும். மற்றவற்றைத் தொட வேண்டாம், பி4-ஐத் தவிர.

பி4 சென்சாரின் பிசகைச் சரிசெய்ய. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் சேர்த்துப் பிடித்துக் கலக்குங்கள். தெர்மாமீட்டர் 37 காட்டும்போது போர்டு 38.2 காட்டினால் பி4-ல் மைனஸ் 1.2. ஐஸ் தண்ணீரில் சரிபார்க்கும் முறையும் உண்டு, ஆனால் நமக்கு வேண்டியது 30-க்குப் பக்கத்தில் சரியாக இருப்பது.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. காற்றில் தொங்கவிட்டால் காற்று 30 ஆனதும் பல்ப் அணைந்துவிடும், மாவு இன்னும் 20-லேயே இருக்கும். மாவுக்குள் விட்டால் கழுவுவது தொல்லை, வயர் வழியாக மாவு ஏறும். வெளிநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் செய்வதே நல்ல வழி: சென்சாரைப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில், மாவு மட்டத்துக்குக் கீழே ஒட்டி, அதன்மேல் இரண்டு விரல் அகலத் தெர்மோகோல் துண்டை வைத்து டேப்பால் இறுக்கிவிடுவார்கள். காற்றின் சூடு சென்சாரில் படாது, பாத்திரத்தின் சூடு மட்டும் படும்.

மாவு

800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் முழு வெள்ளை உளுந்து, 5 கிராம் வெந்தயம். அரிசி 5 மணி நேரம், உளுந்தும் வெந்தயமும் 3 மணி நேரம் ஊறட்டும். கிரைண்டரில் உளுந்தை முதலில் போட்டு, 400 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து 25 முதல் 30 நிமிடம். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் அதன் வழுவழுப்பும்தான். இங்கே அவசரப்பட்டால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. அரிசி மெல்லிய ரவைப் பதத்தில் நிற்கட்டும். இரண்டையும் 16 கிராம் கல்லுப்போடு கையால் கலக்குங்கள். இரண்டேகால் கிலோவுக்குப் பக்கத்தில் வரும். 5 லிட்டர் பாத்திரம் இல்லையென்றால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

20 டிகிரி மாவைப் பெட்டிக்குள் வைத்தால் 30-ஐத் தொடவே இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும். அதை மிச்சப்படுத்த, அரிசியை அரைக்கும்போது கடைசியாக விடும் தண்ணீரை வெதுவெதுப்பாக விடுங்கள். அல்லது கலந்த பாத்திரத்தை 40 டிகிரித் தண்ணீர் நிறைந்த அகலப் பாத்திரத்தில் கால் மணி நேரம் நிறுத்தி அடிக்கடி கிளறுங்கள். கொதிநீர் வேண்டாம்.

பாத்திரத்தைத் தட்டுப் போட்டு மூடி உள்ளே வையுங்கள். திறந்து வைத்தால் ஃபேன் காற்றில் மேல்மாவு ஆடை கட்டும். அடியில் விளிம்புள்ள தட்டு ஒன்று, வழிந்தால் பிடிக்க. பெட்டியைத் திறக்காமல் தெரிந்துகொள்ள முடியாது என்பதால், திறக்கும்போது ஒரே பார்வையில் தெரிய ஒரு வழி: சின்னக் கண்ணாடி பாட்டிலில் நான்கு கரண்டி மாவை ஊற்றி, மட்டத்தில் ரப்பர் பேண்டு போட்டு, மூடியைத் தளர்வாக வைத்துப் பக்கத்தில் நிறுத்துங்கள். முதல் நான்கு மணி நேரம் எதுவுமே நடக்காதது போலிருக்கும். ஆறாவது மணியில் கண்ணாடியோரம் ஊசிமுனைக் குமிழிகள் வரிசை கட்டும். எட்டிலிருந்து பத்துக்குள் ரப்பர் பேண்டிலிருந்து மட்டம் இரட்டிப்பாகும். மேற்பரப்பு குவிந்து, அங்கங்கே வெடித்த துளைகளோடு நிற்கும்போது எடுத்துவிடுங்கள். நடுவில் குழிய ஆரம்பித்தால் தாமதமாகிவிட்டது. அந்த மாவு தோசைக்கு.

சிக்கல் வந்தால்

போர்டு கடகடவென்று தட்டிக்கொண்டே இருந்து, எண் அணைந்து அணைந்து வந்தால் அடாப்டர் போதவில்லை. குளிர்ந்த இழைக்கு மின்தடை மிகக் குறைவு என்பதால், எரியத் தொடங்கும் அந்தக் கணத்தில் பல்ப் 1.75 ஆம்பியரைப் போலப் பல மடங்கு இழுக்கும். 2 ஆம்பியர் அடாப்டர் அங்கேயே மூச்சை விட்டுவிடும். அதற்காகத்தான் 5 ஆம்பியர்.

எண் 30-ஐத் தாண்டியும் பல்ப் அணையவில்லை என்றால் முதலில் பி0-வைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ரிலேயின், அதாவது போர்டில் பல்ப்பை எரியவிட்டு அணைக்கும் சுவிட்சின், முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். போர்டை மாற்றுவதுதான் வழி. தெர்மல் ஸ்விட்ச் வைத்தது இந்த நாளுக்காகத்தான்.

மாவு புளித்திருக்கிறது, பொங்கவில்லை என்றால் பழைய உளுந்து, அரைபடாத உளுந்து, அல்லது 35-ஐத் தாண்டிய சூடு. மிக்ஸியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் விட்டே அரைக்க வேண்டும், இல்லையென்றால் ஜாரிலேயே உளுந்து சூடாகி அதன் பிடிப்பு போய்விடும். புளிப்பும் இல்லை, பொங்கலும் இல்லை என்றால் சென்சார் டேப் கழன்று காற்றில் தொங்குகிறதா என்று பாருங்கள். நன்றாகப் பொங்கியும் இட்லி தட்டையாக வந்தால் மாவு தண்ணீராக இருக்கிறது, அல்லது ஊற்றுமுன் கரண்டியால் கலக்கி வாயுவை விரட்டிவிட்டீர்கள். மேலாக அள்ளி ஊற்றி, 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள்.

மின்செலவு பயப்படும்படி இல்லை. முழு நேரமும் எரிந்தாலும் பத்து மணி நேரத்துக்கு ஏறக்குறைய கால் யூனிட்தான் ஆகும்.

தயிருக்கும் இதே பெட்டி. காய்ச்சிய ஒரு லிட்டர் பாலை 43 டிகிரிக்கு ஆறவிட்டு, ஒரு மேசைக்கரண்டி தயிர் கலந்து, 42-ல் வைத்தால் ஐந்தாறு மணி நேரத்தில் கட்டியாகும். அறை 22-க்குக் கீழே, 20-க்கு மேல் இருந்தால் 21 வாட் பல்ப் 42-ஐ எட்டாது, அப்போது 40-ல் வைத்து ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுங்கள். சித்திரையில் வேலை தலைகீழ்: பல்ப்பைக் கழற்றிவிட்டு, உறைய வைத்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி டின் இருந்த மூலையில் நிறுத்துங்கள். ராத்திரி பத்து மணிக்கு வைத்த மாவு விடிவதற்குள் புளித்து வழியாமல் காலைவரை தாங்கும்.