கொடைக்கானலுக்கு முதுகுப்பையோடு: வடசென்னையிலிருந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று இளைஞர் குழுக்கள் முதுகுப்பையோடு கொடைக்கானலுக்குக் கிளம்புகின்றன. நான் பலமுறை போய் வந்தவன் என்பதால், புறப்படும் முன் என்னிடம் வந்து மலிவான அறை எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். நான் பார்த்தவரையில் அறை வாடகையில் யாருடைய பணமும் கரைவதில்லை. தூரத்தையும் பொழுதையும் சமவெளிப் பழக்கத்தில் கணக்குப் போட்டுவிட்டு, அந்தப் பிழையைச் சரிக்கட்ட வாடகைக் காருக்கும், அவசரமாக வாங்கிய ஸ்வெட்டருக்கும், திட்டத்தில் இல்லாத இன்னோர் இரவுக்கும் கொடுக்கும்போதுதான் கரைகிறது.

முதல் தவறு சென்னையைத் தாண்டும் முன்பே நேர்ந்துவிடுகிறது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டப் பேருந்துகளைப் பிடிக்க நாம் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் திருவொற்றியூரிலிருந்து காரில் அங்கே போய்ச் சேர்வதற்குள் பொறுமையும் போய்விடும், பேருந்துக் கட்டணத்துக்கு ஒப்பான தொகையும் போய்விடும். எழும்பூரும் சென்ட்ரலும் நமக்குப் பக்கத்தில் இருக்கின்றன. விம்கோ நகர் வழித்தட மெட்ரோவில் சென்ட்ரல் வரை வந்து தடம் மாறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். அங்கிருந்து கொடை ரோடு நிலையத்துக்குப் பாண்டியன் விரைவு ரயில் போகிறது; சென்ட்ரலிலிருந்து திண்டுக்கல், பழனி வழியாகப் பாலக்காடு விரைவு ரயில் போகிறது. ஆனால் முன்பதிவு 120 நாள்களுக்கு முன்பே திறக்கும் என்ற பழைய கணக்கை மறந்துவிட வேண்டும். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள்களாகக் குறைந்துவிட்டது. வார இறுதிக்கான படுக்கைகள் திறந்த அன்றே தீர்ந்துபோவதும் உண்டு.

கொடை ரோடு என்ற பெயரே பலரை ஏமாற்றியிருக்கிறது, நானும் ஏமாந்தவன்தான். அந்த நிலையம் மலையில் இல்லை; அம்மையநாயக்கனூரில், முழுக்க முழுக்கச் சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். என் முதல் பயணத்தில் நாங்கள் நால்வரும் விடியுமுன் இறங்கி, ஊர் இதோ பக்கத்தில்தான் இருக்கும் என்ற நினைப்பில் வெளியே வந்தோம். இந்த நேரத்துக்குப் பஸ்ஸே கிடையாது என்று ஒரு கார் ஓட்டுநர் சொன்னதை நம்பி, எங்கள் நால்வரின் ரயில் கட்டணத்தையும் சேர்த்தால்கூட எட்டாத தொகையைக் கொடுத்தோம். கார் புறப்பட்டுச் சற்று தூரம் போவதற்குள் வத்தலகுண்டு என்று பலகை மாட்டிய பேருந்து ஒன்று எங்களைக் கடந்து போனது. மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கொடைக்கானலுக்கு ஏறும் பேருந்துகள் வத்தலகுண்டுக்கு வந்துதான் போகும். அங்கே போய் மாறிக்கொள்வதே எளிய வழி. பழனியில் இறங்குகிறவர்களுக்கும் ஏறக்குறைய 65 கிலோமீட்டர் மலைப்பாதையில் நேரடிப் பேருந்து உண்டு. எந்த வழியானாலும், அடிவாரத்தில் வயிறு முட்டப் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசி இருக்கையில் உட்காராதீர்கள். பெருமாள்மலை வருவதற்குள் ஜன்னலைத் தேட வேண்டியிருக்கும்.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைக்காலத்தில் வார நாள்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கான தடை எல்லோருக்கும் பொருந்தும் என்பதால், வீட்டிலிருந்தே ஒரு எவர்சில்வர் பாட்டிலை எடுத்துச் செல்வது நல்லது.

குளிரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் நம் ஊர்க்காரர்கள் நம்புவதில்லை. உயரே போகப் போக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி குறைகிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதாவது காசிமேட்டில் நிற்பதைவிட அங்கே சராசரியாக 13, 14 டிகிரி குளிர்ச்சி அதிகம், டிசம்பர் இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே போகும். பர்மா பஜாரில் வாங்கிய பளபளப்பான ஜெர்கின் புகைப்படத்துக்கு உதவும். ஆனால் உள்ளே கம்பளியோ தெர்மலோ இல்லாவிட்டால் அதற்குள்ளேயே நடுங்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிய தவறு ஜீன்ஸ். நம் வீட்டு மொட்டைமாடியில் பங்குனி வெயிலில் காலையில் போட்ட ஜீன்ஸ் மதியத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். என் நண்பர் ஒருவர் இரண்டு ஜீன்ஸ் மட்டும் கொண்டுவந்தார். முதல் நாள் மழையில் ஒன்று நனைந்தது. அறையில் நாற்காலி முதுகில் விரித்துப் போட்டதை மூன்றாம் நாள் காலையில் பிழிந்தபோதும் இடுப்புப் பட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மற்றொன்றும் நனைந்தபின் லுங்கியோடு கடைத்தெருவுக்குப் போய் டிராக் பேன்ட் வாங்கினார். மெல்லிய பேன்ட் இரண்டு, காலுறை நான்கு ஜோடி, ஒரு மழைக்கோட்டு இருந்தால் போதும். அறை பேசும்போதே வெந்நீர் எந்த நேரத்தில் வரும், கூடுதல் போர்வைக்குத் தனிக் காசு உண்டா என்று கேட்டுவிட வேண்டும். பையன்கள் மட்டும் வந்தால் அறை தரமாட்டோம் என்கிற விடுதிகளும் இருப்பதால், முன்பே பேசி வைக்காமல் இறங்கினால் பேருந்து நிலையத்துத் தரகர் கையில்தான் சிக்க வேண்டும். தனியாகப் போகிறவர்கள் டார்மிட்டரிப் படுக்கை இருக்கும் இடங்களை முதலில் விசாரிக்கலாம்.

ஊருக்குள் சுற்றும்போது இரண்டு எதிரெதிரான தவறுகள் நடக்கின்றன. நடந்தே பார்க்கக்கூடிய இடங்களுக்கு வண்டி பிடிக்கிறார்கள். வண்டி இல்லாமல் போக முடியாத இடங்களைப் பக்கம் என்று நினைக்கிறார்கள். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து உருவாக்கிய நட்சத்திர வடிவ ஏரியும், 1872-இல் கோக்கர் அமைத்த கோக்கர்ஸ் வாக் நடைபாதையும், பிரையண்ட் பூங்காவும் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும், காலையில் அதைவிட இனிமையான செலவில்லாப் பொழுதுபோக்கு அங்கே இல்லை. மன்னவனூரோ ஏறக்குறைய 35 கிலோமீட்டர். சென்ட்ரலிலிருந்து பொன்னேரி போகிற தூரம்தானே என்று நினைக்கக் கூடாது; அந்த வளைவுகளில் ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். மன்னவனூருக்கும், வழியில் படிக்கட்டு வயல்களோடு குழந்தை வேலப்பர் கோயில் இருக்கும் பூம்பாறைக்கும் பேருந்துகள் உண்டு, ஆனால் நம் மாநகரப் பேருந்துகளைப் போல அடுத்தது வந்துவிடும் என்று இருக்க முடியாது. போகும்போதே நடத்துநரிடம் கடைசிப் பேருந்து எப்போது திரும்பும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூம்பாறையில் காசு செலவழிக்க ஆசைப்பட்டால் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை வாங்கலாம். வீட்டில் திட்டு குறையும். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதியோடு குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வண்டிகள்தான் போக முடியும் என்பதால், குறைந்த செலவுப் பயணிகள் அதை விட்டுவிடுவதே நல்லது.

பொழுதுக் கணக்கும் அங்கே வேறு. தூண் பாறைக்கும் கோக்கர்ஸ் வாக்குக்கும் மதியச் சாப்பாடு முடித்துப் போனால் பெரும்பாலும் வெள்ளைத் திரையைத்தான் பார்க்கலாம். பகல் வெயிலில் சூடேறிய பள்ளத்தாக்குக் காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாவதால் பிற்பகலில் மூடிக்கொள்வது வழக்கம். காலை 9 மணிக்குள் போய்விட வேண்டும். ரீல்ஸில் பார்த்த நீலக்குறிஞ்சியைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: அது 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது, கடைசியாக 2018-இல் பூத்தது.

வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்கும் பாதையில் வேர்களும் ஈரக் கற்களும் நிறைந்திருக்கின்றன. செருப்போடு இறங்கிவிடலாம், ஏறும்போதுதான் தெரியும். கடல் மட்டத்தில் பழகிய மூச்சு அந்த மெல்லிய காற்றில் வாங்கத் தொடங்கும். போதைக் காளானை அந்தப் பக்கம் விளையாட்டாகப் பேசுவார்கள். அதை வைத்திருப்பதே போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை.

இரவு 11 மணிக்குக் கொத்து பரோட்டாவும் பர்மா நூடுல்ஸான அத்தோவும் கிடைக்கும் ஊரிலிருந்து போகிறோம். அங்கே கடைகள் சீக்கிரமே அடைபட்டுவிடும். சாப்பாட்டை முன்னிரவிலேயே முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பிவிட வேண்டும். பசி ஒரு காரணம், காட்டுமாடு இன்னொரு காரணம். ஒருமுறை ஏரிச் சாலையில் இருட்டில் நடந்தபோது, நிறுத்தியிருந்த வேன் என்று நான் நினைத்தது மூச்சுவிட்டது. கால்களில் முழங்கால் வரை வெள்ளை, தோள் என் தலை உயரம். தங்கும் விடுதிக் காவலர் தூரத்திலிருந்து, டார்ச்சை அதன் முகத்தில் அடிக்காமல் அப்படியே பின்னோக்கி நடந்து வாங்க என்று குரல் கொடுத்தார். செல்ஃபி எடுக்க நெருங்கி முட்டு வாங்கியவர்கள் அந்த ஊரில் உண்டு.

திரும்பும் நாளில் கடைசிப் பிழை காத்திருக்கிறது. ரயில் இரவில்தானே என்று ஞாயிற்றுக்கிழமை மாலை வரை ஏரியில் பெடல் படகு மிதித்துவிட்டுப் பேருந்து ஏறினால், வெள்ளி அருவிக்குப் பக்கத்தில் வண்டிகள் வரிசையில் நிற்கும். நண்பகல் பேருந்தில் இறங்கி வத்தலகுண்டில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கொடை ரோடு போய்ச் சேருங்கள். ரயிலைத் தவறவிட்டால் திண்டுக்கல் போய் இரவுப் பேருந்தில் நின்றுகொண்டாவது வர வேண்டும். அது திங்கள் காலையில் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து தண்டையார்பேட்டைக்கு அலுவலக நெரிசலில் வர வேண்டும்.