கைப்பேசிப் பந்தயத்துக்கு வேலி போடுவது எப்படி?

சிங்கப்பூரில் டெக்கா பக்கம் ஃபோர்-டி லாட்டரிச் சீட்டு வாங்க வரிசையில் நின்றால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார். கைப்பேசியில் ஆடினால் பார்க்க ஆளில்லை. என் அத்தை மகன் ஒரு மாதச் சம்பளத்தை ஒரே இரவில் இழந்தது, பக்கத்தில் படுத்திருந்த மனைவிக்கே தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். சம்பள நாளோ ஆட்டம் நடக்கும் இரவோ வேண்டாம். வழக்கமாகக் குலுக்கல் இல்லாத செவ்வாய்க்கிழமை காலை நல்லது. தோற்ற பணத்தைப் பிடிக்கத் துடிக்கும்போது யாரும் வேலி போடமாட்டார்கள்.

சட்டப்படி லாட்டரியும் விளையாட்டுப் பந்தயமும் நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தின் இணையக் கணக்கு 21 வயது ஆனவர்களுக்கு மட்டும்தான். அதில் ஒரு நாளைக்கு எவ்வளவு பணம் போடலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்று வரம்பு வைக்க வேண்டும். பலர் பெரிய எண்ணாகப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக, இழந்தாலும் வலிக்காத தொகை எது? மாதம் 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் நாளுக்கு 2 வெள்ளிதான். கணக்கைத் திறந்து அதற்கேற்ப வரம்பைக் குறையுங்கள். அப்புறம் வங்கிச் செயலியில் அன்றாடப் பணமாற்ற வரம்பையும் இறக்கிவிடுங்கள்.

வரம்பு போதவில்லையா? சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் (NCPG) இணையத்தளத்தில், அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக நுழைந்து, சுயத் தடைக்கு விண்ணப்பியுங்கள். சூதாட்டக்கூடம், ஜாக்பாட் அறை, சிங்கப்பூர் பூல்ஸ் இணையக் கணக்கு என எல்லாவற்றுக்கும் தடை கேட்கலாம். குறைந்தது ஓராண்டுக்கு நீடிக்கும். அதுதான் இதன் பலம், மறுநாள் மனம் மாறினாலும் கதவு திறக்காது.

ஆடுபவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கணவனோ மனைவியோ, பெற்றோரோ, பிள்ளைகளோ, உடன்பிறந்தவர்களோ குடும்பத் தடை கேட்கலாம். இதைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்காதீர்கள். அடுத்த மாத வாடகையைக் காப்பாற்றுகிறீர்கள்.

ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் உரிமமில்லாத தளங்களை இந்தத் தடை எட்டாது. அங்கே கடனுக்கும் ஆடவிடுவார்கள், பள்ளம் அங்கேதான் ஆழமாகிறது. 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அங்கு ஆடுவதும் குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். அப்படிப்பட்ட எண்களை இன்றே தடுத்து, அந்தக் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள்.

கை நடுங்கும் நிலையில் இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். 1800 6 668 668 என்ற உதவி எண்ணை அழையுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், கடைசியாக எப்போது ஆடினீர்கள், இப்போது எவ்வளவு கடன் என்ற இரண்டை மட்டும் சொல்லுங்கள். சிகிச்சை தேவைப்பட்டால், மனநலக் கழகத்தில் இதற்கென்றே தேசிய அடிமைப்பழக்க நிர்வாகச் சேவை (NAMS) இருக்கிறது. குடும்பத்தினரும் அங்கே உதவி கேட்கலாம்.