கரியர் கைடன்ஸ் டீச்சருங்களுக்கு சங்கம் வைக்கப் போறீங்களா? நாங்க பண்ணுன தப்பையே நீங்களும் பண்ணாதீங்க

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு மேல என்ன படிக்கலாம்னு வழி சொல்றவங்க யாருன்னு பாத்தா, அரசுப் பள்ளியில பெரும்பாலும் அதுக்குன்னு தனியா ஆளே கிடையாது, ஃபிசிக்ஸோ காமர்ஸோ எடுக்குற பிஜி டீச்சர் தலையில 2022ல அரசோட நான் முதல்வன் திட்டம் வந்ததுல இருந்து இந்த வேலையும் சேந்து ஏறியிருக்கும். சில சிபிஎஸ்இ ஸ்கூல்ல கவுன்சிலர்னு ஒருத்தர் இருப்பாரு. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டாங்க. இவங்களை எல்லாம் சேத்து ஒரு சங்கம் வைப்போம்னு நாங்க கொஞ்சப் பேரு கிளம்புனோம், நான் செயலாளர். நல்லதும் நடந்துச்சு, அத இன்னொரு நாள் சொல்றேன். இப்ப தப்புக் கணக்கு மட்டும்.

பெரிய தப்பு ஓசிச் சாப்பாடு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். மொத கூட்டத்துக்கு ஒரு தனியார் காலேஜ் ஏசி ஹால் குடுத்துச்சு, வாடகை இல்ல, மத்தியானம் விருந்து, சாயங்காலம் வெள்ளைப் பணியாரமும் மிளகாத் தொவையலும், போறப்ப ஆளுக்கு ஒரு பை, பைக்குள்ள டைரி, பேனா, அப்பறம் அந்தக் காலேஜோட ப்ராஸ்பெக்டஸ். பூரிச்சுப் போயிட்டோம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள்ல இருந்து போன் வர ஆரம்பிச்சுச்சு, "சார், உங்க பிள்ளைங்க நம்பர் லிஸ்ட் மட்டும் கொஞ்சம் அனுப்பி விடுங்க"ன்னு. எங்க மெம்பர் ரெண்டு பேரு அனுப்பியும் விட்டுட்டாங்க, சாப்பிட்ட எடத்துல எப்புடி இல்லைன்னு சொல்றதுன்னு ஒரு கூச்சம். ஒரு பொண்ணோட அம்மா ஸ்கூலுக்கே வந்து, "எம் புருசன் நம்பர யாரு குடுத்தது, வெளிநாட்டுல வேலை பாக்குற மனுசனுக்கு ராத்திரியில போன் அடிக்கிறாய்ங்க"ன்னு சத்தம் போட்டுச்சு. எங்ககிட்ட பதில் இல்ல.

அதோட நிக்கல. ஒரு சீட்டுக்கு இவ்வளவுன்னு கமிஷன் பேசுறதும் நம்ம வாட்ஸ்அப் குரூப்புலயே நடந்துச்சுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. வழி சொல்ற ஆளே தரகர் ஆயிட்டா அப்பறம் அந்தப் பிள்ளைக்கு யாருதான் இருக்கா? அதனால பைலால, அதான் சங்க விதியில, மொத வேலையா எழுதிருங்க, எந்தக் காலேஜ்கிட்டயும் கோச்சிங் சென்டர்கிட்டயும் வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சிகிட்டயும் காசு, சாப்பாடு, ஹால் எதுவும் வாங்கக்கூடாது, கமிஷன் வாங்குனா உறுப்பினர் கிடையாதுன்னு. நம்பர் லிஸ்ட் விஷயம் வெறும் மரியாதைப் பிரச்சினையும் இல்ல, 18 வயசு நிரம்பாதவங்க விவரத்தக் கையாளவே பெத்தவங்க சம்மதம் வேணும்னு 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது, பிளஸ் டூ பிள்ளைங்க பாதிப் பேருக்கு மேல அந்த வயசுலதான் இருக்கு.

காசுக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. நம்ம ஊர்ல நகரத்தார் கோயில் காரியம் எப்புடி நடக்குதுன்னு பாருங்க, கல்யாணம் ஆன ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவுன்னு ஒரே தொகை புள்ளி வரி. நாங்களும் அதையே பிடிச்சோம். வருசத்துக்கு ஆளுக்கு 300 ரூவா, சனிக்கிழமை ஒரு ஸ்கூல் வகுப்பறை, அவங்கவங்க டிபன் பாக்ஸ். மொத ரெண்டு தடவ கூட்டம் பாதியாக் கொறஞ்சுச்சு, வந்தது எல்லாம் வேலைக்கு வந்த ஆளு.

அடுத்தது காலண்டர். எல்லாரும் லீவுல இருப்பாங்கன்னு மே மாசம் மாநாடு வச்சோம், பொன்னாடை போத்துறதுலயே ஒன்றரை மணி நேரம் போச்சு அது தனிக் கதை. மே மாசத்துல எதச் சொல்லி என்ன, சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வு டிசம்பர்லயே முடிஞ்சுருது, இன்ஜினியரிங்குக்கான ஜேஇஇ மெயின் முதல் ரவுண்டு ஜனவரியில, அதுக்கெல்லாம் அப்ளிகேஷன் தீவாளிய ஒட்டியே வந்துட்டுப் போயிரும். ஜூலை இல்லாட்டி ஆகஸ்ட்ல ஒரு கூட்டம் போடுங்க, காலாண்டு லீவு முடிஞ்சதும் ஒண்ணு. மே மாசம் டீச்சருங்க பிள்ளைங்க பக்கத்துல இருக்கணும், நம்ம மேடைக்கு முன்னாடி இல்ல.

குரூப்புல பழைய அறிவிப்பு பிடிஎஃப் சுத்துறது இன்னொரு தலைவலி, இது நம்ம பக்கம் கூடுதலாவே கடிக்கும். ஏன்னா செட்டியாருங்க கட்டிக் குடுத்த பள்ளிக்கூடம் பல இன்னைக்கு அரசு உதவி பெறும் பள்ளி. எய்டடும் அரசுப் பள்ளியும் ஒண்ணுதானேன்னு டீச்சருங்களே நெனைக்கிறாங்க. மெடிக்கல்ல 2020லயும் இன்ஜினியரிங்ல 2021லயும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிக்கு வந்தது, எய்டட் பிள்ளைக்கு இல்ல. ஆனா காலேஜ் போற பொண்ணுங்களுக்கான புதுமைப்பெண் மாசம் 1000 ரூவா மொதல்ல அரசுப் பள்ளிக்கு மட்டும்னு இருந்துச்சு, 2024ல எய்டட் தமிழ் மீடியத்துக்கும் நீட்டிச்சுட்டாங்க. ஒண்ணு இல்ல, ஒண்ணு உண்டு. ரெண்டையும் மாத்திச் சொல்லிட்டா வீட்டுல பெரிய அழுகையாப் போயிரும். எங்க குரூப்புல 2022 நோட்டீஸ் 2025ல ஃபார்வர்டு ஆயிட்டிருந்துச்சு. இப்ப ஒரே ஒருத்தர் பொறுப்பு, தேதி போடாத ஃபைல் எதுவும் குரூப்புக்குள்ள வராது.

பதிவு விஷயம். தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975, குறைஞ்சது 7 பேரு வேணும், நிர்வாகக் குழுவுக்கு மூணு வருசத்துக்கு மேல காலம் கிடையாது. நாங்க பதிவே பண்ணாம தலைவரோட சொந்த ஜிபேயில சந்தா வாங்குனோம், அவரு நல்ல மனுசன்தான், ஆனா மகள் கல்யாணச் செலவும் அதே அக்கவுண்ட்ல ஓடுச்சு, எது எதுன்னு அவருக்கே பிரிக்கத் தெரியல. நம்ம முன்னோர் பர்மா மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதான் தொழில் பண்ண, போனப்ப முதலாளி அனுப்புற ஏஜெண்டுக்கு பொதுவா மூணு வருசக் கணக்குதான், முடிஞ்சா அடுத்த ஆளுகிட்ட கணக்க ஒப்புவிச்சுட்டு ஊருக்குக் கப்பல் ஏறணும். பேரேடு எழுதியே பொழச்ச ஊர்ல நாங்க ஜிபேய நம்பி உக்காந்திருந்தோம். வாட்ஸ்அப் அட்மின், மெயில் பாஸ்வேர்டு, உறுப்பினர் லிஸ்ட் எல்லாம் கூட ஒப்படைக்கிற சாமான்தான், மறந்துராதீங்க.

செட்டிநாடுங்கிறது மாவட்டம் இல்லைங்கிறத நாங்க மறந்தோம். காரைக்குடி, தேவகோட்டை சிவகங்கை மாவட்டம், திருமயம், பொன்னமராவதி, ராயவரம் எல்லாம் புதுக்கோட்டை. சிவகங்கை முதன்மைக் கல்வி அலுவலர்கிட்ட மட்டும் ஆன் டூட்டி ஆர்டர் வாங்கிட்டு கூட்டம் போட்டோம், புதுக்கோட்டைப் பக்கத்து டீச்சருங்க லீவு போட்டு வந்தாங்க, அடுத்த தடவ வரவே இல்ல. ரெண்டு ஆபீஸுக்கும் லெட்டர் குடுங்க, கூட்டத்தையும் காரைக்குடியிலயே வைக்காம மாத்தி மாத்தி வைங்க, பொன்னமராவதி பஸ்சுக்கு ஓடுற டீச்சர் கடைசி ஒரு மணி நேரம் எதையும் கேக்க மாட்டாங்க.

கூட்டத்துக்குப் பேச ஆள் கூப்பிடறப்ப சென்னையில இருந்துதான் வரணும்னு நிக்காதீங்க. உள்ளூர்லயே, காரைக்குடியில, சிக்ரிங்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் குடுத்து 1948ல நேரு அடிக்கல் நாட்டுனது, அங்கேயே பி.டெக் இருக்கு, கெமிக்கல் அண்ட் எலெக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங், அண்ணா பல்கலைக்கழகப் பட்டம். பேட்டரி பேட்டரின்னு ஊரெல்லாம் பேசுற காலம் வேற. ஒரு தடவ ஒரு பிளஸ் டூ பையன்கிட்ட இதச் சொன்னேன், "தெனம் அந்தக் காம்பவுண்டு சுவத்த ஒட்டித்தான் சார் சைக்கிள்ல போறேன், உள்ள நம்மளும் படிக்கலாம்னு யாரும் சொல்லலையே"ன்னான். அவனோட கிளாஸ் டீச்சர் யாருன்னு கேட்டேன். எங்க சங்கத்துப் பொருளாளர்.